அந்தியூர்ச் சந்தைக்கு முதல்முறை போகும் குதிரை: கேள்வி பதில்

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவுக்கும் அதையொட்டிக் கூடும் குதிரைச் சந்தைக்கும் இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. இளங்குதிரை வைத்திருப்பவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி (கோபி): மூன்று வயது கத்தியவார் இன ஆண் குதிரை. தோட்டத்தில் பசு மாதிரி சாது. ஊர் நோன்பியில் தப்பட்டைச் சத்தம் கேட்டதும் முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டது. அந்தியூருக்குக் கொண்டுபோகலாமா?

பதில்: கொண்டுபோகலாம். ஓடியது அதன் குற்றமல்ல. கொம்பில்லாத பிராணிக்கு ஓட்டம்தான் காப்பு. அதன் கண்கள் ஏறக்குறைய 350 பாகை பார்க்கும். நெற்றிக்கு நேர் எதிரிலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. சந்தையில் வருகிறவர்கள் சொல்லிவைத்தாற்போல் அந்த இரண்டு இடங்களில்தான் வந்து நிற்பார்கள்.

தப்பட்டை அடிப்பவர் ஒருவரைக் கூலி பேசி வரவழையுங்கள். குதிரையைத் தறியில் கட்டிவிட்டுப் பக்கத்தில் நின்று அடிக்க வைப்பது நம் பக்கத்து வழக்கம். நான்கு நாளில் அடங்கிவிட்டதுபோலத் தெரியும். போக வழியில்லாமல் மரத்துப்போய் நிற்கிறது, அவ்வளவுதான். கூட்டத்தில் ஒருநாள் அத்தனையும் சேர்ந்து வெளியே வரும். மாறாக, அடிப்பவர் நூறு அடி தள்ளி, குதிரைக்கு முதுகைக் காட்டி, அடித்துக்கொண்டே நடக்கட்டும். நீங்கள் குதிரையோடு பின்தொடருங்கள். துரத்திவரும் சத்தத்துக்கு மிரளும் குதிரை, விலகிப்போகும் சத்தத்தின் பின்னால் தானே காதை நீட்டிக்கொண்டு போகும். நடுவில் நிறுத்திக் கொள்ளு நீட்டுங்கள். மென்றால் அந்தத் தூரம் சரி. வாயை மூடிக்கொண்டு தலையைத் தூக்கினால் இருபது அடி பின்வாங்குங்கள். தினம் கால் மணி நேரம் போதும். அமைதியாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். இடப்பக்கம் பழகியதை வலப்பக்கமும் பழக்க வேண்டும். பிறகு படபடக்கும் தார்ப்பாய், ஜெனரேட்டர், விரியும் குடை.

சந்தையில், கூட்டம் சேருமுன் விடிகாலையில் இறக்குங்கள். பழகிய கிழக்குதிரை ஒன்று துணைக்கு வந்தால் பாதி வேலை முடிந்தது. முதல் நாள் ஆட்டமும் வேண்டாம், பேரமும் வேண்டாம். நின்று பார்க்கட்டும்.

தலைக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். மடித்துப் பிடியுங்கள். என் இடக்கை மோதிர விரல் பாதிதான் இருக்கிறது.

கேள்வி (சத்தியமங்கலம்): போன ஆண்டு சந்தையில் இரண்டு நாள் சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் வயிற்றுவலி.

பதில்: இதை இன்னும் பலர் கேட்டிருக்க வேண்டும். நாளுக்கு 30 லிட்டர் குடிக்கிற உடம்பு அது. வேற்றூர்த் தண்ணீரின் வாசம் பிடிக்காவிட்டால் முகர்ந்துவிட்டு விலகிவிடும், குடலில் தீனி இறுகும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரில் சிறிது வெல்லம் கரைத்துப் பழக்குங்கள். சந்தையிலும் அதே வாளி, அதே வெல்லம். படுத்துப் புரண்டு விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால் கைவைத்தியம் பார்க்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி (பவானி): மயக்க ஊசி போட்டுக் கொண்டுபோகலாமா?

பதில்: கூடாது. அசெப்ரோமசின் என்கிற மயக்க மருந்து போட்ட ஆண் குதிரைக்குக் குறி வெளியே தொங்கி உள்ளே போகாமல் நின்றுவிடும் ஆபத்து உண்டு. தூங்கி வழிகிற குதிரையும் திடீரென்று உதைக்கும். வாங்குகிறவனை ஏமாற்றுவது தனிப் பாவம்.

கேள்வி (ஈரோடு): காதில் பஞ்சு வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், வீட்டிலேயே பழக்கியிருந்தால். சந்தையில் முதன்முதலாகக் காதைத் தொட்டால் அதற்கே மிரளும்.

கேள்வி (பெருந்துறை): இவ்வளவு எதற்கு? சுழி கெட்ட குதிரை எத்தனை பழக்கினாலும் மிரளும். என் குதிரைக்கு நெற்றியில் இரட்டைச் சுழி. அனுபவத்தில் சொல்கிறேன்.

பதில்: நெற்றியில் இரட்டைச் சுழியோடு என்னிடம் ஒரு பெட்டை பதினோரு ஆண்டு இருந்தது. வேட்டுச் சத்தத்தில் நின்றுகொண்டே தூங்கும்.

மறுபடி பெருந்துறை: வெளிநாட்டு ஆராய்ச்சியே சொல்கிறது.

பதில்: 1995இல் அமெரிக்க விலங்கு நடத்தை ஆய்வாளர் டெம்பிள் கிராண்டினும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டதைச் சொல்கிறீர்கள். அது மாடுகளைப் பற்றியது. கண்ணுக்கு மேலே சுழி இருந்த மாடுகள், கட்டுக்குள் நிறுத்தியபோது கூடுதலாகத் துள்ளின. சுழிக்கும் சுபாவத்துக்கும் ஏதோ தொடர்பு இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துள்ளுகிற மாட்டைப் பழக்க முடியாது என்று அவர்கள் சொல்லவில்லை. இரட்டைச் சுழி உரிமையாளன் குடும்பத்துக்கு ஆகாது என்றும் சொல்லவில்லை. அதெல்லாம் விலையைக் குறைக்கத் தரகர்கள் கட்டியது.

கேள்வி (அம்மாபேட்டை): ஊசி வேண்டாம், மாத்திரை?

பதில்: பவானிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (நம்பியூர்): முறுக்கேறிய குதிரையைப் பிடிக்கக் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றினால் பிடி கிடைக்குமா?

பதில்: என் விரலைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன் ஐயா.

மறுபடி பெருந்துறை: நீங்கள் என்ன சொன்னாலும் இரட்டைச் சுழியை இந்த ஆடியில் தள்ளிவிடப் போகிறேன். பாதி விலைக்குத்தான் கேட்கிறார்கள்.

பதில்: தரகருக்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். பாதிக்குமேல் தருகிறேன்.