தேர்தல் டியூட்டியும் மூப்பரின் கோபமும் – கடிதம், பதில்

அன்புள்ள ஐயா,

சேலத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியை நான். இந்தத் தேர்தலுக்கு ஏற்காடு தொகுதியில் டியூட்டி போட்டிருக்கிறார்கள். பயிற்சி வகுப்புகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிட்டதால் ஆராதனைக்குப் போக முடியவில்லை. எங்கள் சபை மூப்பர் ஒருவர் எல்லார் முன்னாலும், "நம்முடைய குடியிருப்போ பரலோகத்தில் இருக்கிறது, நீ கர்த்தருடைய நாளை இராயனுக்குக் கொடுத்துவிட்டாய்" என்றார். மெடிக்கல் சர்டிபிகேட் கொடுத்து டியூட்டியை ரத்து செய்துகொள் என்றும் சொல்கிறார். போன தேர்தலில் ஆராதனை முடிந்ததும் இன்ன கட்சிக்குப் போடுங்கள் என்று அறிவித்தவரும் இவர்தான். இராயனுடையதை (ரோமப் பேரரசனுடையதை) இராயனுக்கு என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். ஆனால் எது எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது?

ஒரு ஆசிரியை (பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரி,

டியூட்டிக்குப் போங்கள். ஆராதனையைத் தவறவிட்ட வருத்தம் உங்களுக்கு இருக்கிறது, அது நல்ல வருத்தம்தான். ஆனால் ஓய்வுநாளைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சர்டிபிகேட் வாங்கு என்பது என்ன பக்தி என்று எனக்குப் புரியவில்லை. உங்களுக்குப் பதிலாக வேறொரு ஆசிரியர் போக வேண்டியிருக்கும், அவருக்கும் ஒரு சபை இருக்கலாம், இல்லை வீட்டில் கைக்குழந்தை இருக்கலாம்.

மூப்பர் காட்டிய வசனத்தையே எடுத்துக்கொள்வோம். பிலிப்பியர் 3:20, பிலிப்பி ஊர்ச் சபைக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதியது. பிலிப்பி ஒரு ரோமக் குடியேற்ற நகரம், ரோமக் குடியுரிமையைப் பெரிய பெருமையாக நினைத்த ஊர். அங்கேதான் பவுலையும் அவருடைய உடன் ஊழியர் சீலாவையும் விசாரணையே இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் காலையில் அதிகாரிகள் சத்தமில்லாமல் அனுப்பிவிடப் பார்த்தபோது பவுல் அசையவில்லை. ரோமர்களான எங்களை எல்லார் முன்னாலும் அடித்துவிட்டு இப்போது ரகசியமாக அனுப்புகிறீர்களா, அவர்களே வந்து கூட்டிக்கொண்டு போகட்டும் என்றுவிட்டார் (அப்போஸ்தலர் 16). வந்தார்கள், கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு செசரியாவில் இராயனுக்கே அபயமிட்டதும் (மேல்முறையீடு செய்ததும்) இதே பவுல்தான். பரலோகக் குடியிருப்பைப் பற்றி எழுதியவர், பூமியில் தனக்கிருந்த குடியுரிமையை ஒருநாளும் தூக்கி எறியவில்லை.

அப்புறம் அந்தக் காசு. இராயனுக்கு வரி கொடுக்கலாமா என்று இயேசுவிடம் கேட்டார்களே, அது சும்மா ஒரு சந்தேகம் இல்லை, கண்ணி. கி.பி. 6இல் யூதேயா நேராக ரோமர் கைக்குப் போய்க் குடிமதிப்பு எடுத்தபோது கலிலேயனாகிய யூதாஸ் கலகம் செய்தான், அந்தக் கோபம் ஜனங்களுக்குள் இன்னும் ஆறவில்லை. கொடு என்றால் ஜனங்களுக்கு விரோதி, கொடாதே என்றால் ரோமனுக்கு விரோதி. இயேசு காசை வாங்கிப் பார்த்து, இதில் இருக்கிற சாயல் யாருடையது என்று கேட்டார். இதை வைத்து வட ஆப்பிரிக்காவின் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் அந்தக் காலத்திலேயே ஒன்று சொல்லிவிட்டார்: காசில் இருப்பது இராயனின் சாயல், அதை இராயனுக்குக் கொடு, மனிதனில் இருப்பது தேவனின் சாயல், அதைத் தேவனுக்குக் கொடு. அப்படியானால் எது எவ்வளவு என்று நீங்கள் கேட்கிற பங்கீடே கிடையாது. காசு இராயனிடம் போகும், காசைக் கொடுக்கிற ஆள் முழுசாகத் தேவனுக்குச் சொந்தம், டியூட்டி பார்க்கிற நாளிலும்.

பூத்தில் என்ன நடக்கிறது என்று மூப்பருக்குத் தெரியாமல் இருக்கலாம். முந்தின நாளே மெஷினோடு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய், பள்ளிக்கூடத் தரையில் படுத்து, விடியும் முன் எழுந்து, கட்சி ஏஜெண்டுகள் பார்க்கக் குறைந்தது 50 ஓட்டு மாதிரிக்குப் போட்டுக் காட்டி, அதை அழித்து சீல் வைத்து, அதற்குப் பிறகுதான் முதல் ஆள் உள்ளே வருவார். காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் போகிற ஒரு அம்மா வருவார். நீங்கள் பட்டியலில் பெயரைப் பார்த்து, 17ஏ பதிவேட்டில் கைநாட்டு வாங்கி, விரலில் மை வைத்து அனுப்புவீர்கள். தோட்ட முதலாளி ஓட்டும் அந்த அம்மா ஓட்டும் அங்கே ஒன்றுதான். சாயங்காலம் மொத்தம் எத்தனை என்று 17சி படிவத்தில் எழுதி பிரிசைடிங் ஆபீசர் கையெழுத்துப் போடுகிறாரே, அது சாட்சிக் கையெழுத்து. பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற கட்டளை அந்த மேசைமேல்தான் இருக்கிறது.

எல்லையும் அங்கேயே வரும். மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் ஒருவர் வந்து, "டீச்சர், வராதவங்க ஓட்டு நாலஞ்சு இருக்கு, கண்டுக்காதீங்க" என்றால், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி, உங்கள் மேலதிகாரியே கண் காட்டினாலும் சரி, முடியாது என்று சொல்லிவிடுங்கள். மனுஷருக்குக் கீழ்ப்படிவதைவிடத் தேவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று பேதுரு சொன்னது இந்த மாதிரி இடத்துக்குத்தான். சட்டமும் அங்கே உங்கள் பக்கம் நிற்கும்.

சட்டத்தோடும் முட்ட வேண்டி வந்தால்? 1985இல் கேரளத்தில் மூன்று பிள்ளைகளைத் தேசிய கீதம் பாடவில்லை என்று பள்ளியிலிருந்து நீக்கினார்கள். யெகோவா சாட்சிகள் என்ற மதப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். 1986இல் உச்ச நீதிமன்றம் பிஜோ இம்மானுவேல் வழக்கில் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அவர்கள் போதனைக்கும் நம்முடையதற்கும் ரொம்ப தூரம், ஓட்டே போடுவதில்லை என்ற அவர்கள் கொள்கை தவறு என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்தப் பிள்ளைகளை மதிக்கிறேன். தொண்டை வலி என்று சாக்குச் சொல்லாமல், படிப்பு போனாலும் போகட்டும் என்று எல்லார் கண் முன்னாலும் நின்றார்கள். மனசாட்சிக்காக மறுப்பது என்றால் அது. மூப்பர் கேட்கிற சர்டிபிகேட்டை அதோடு சேர்க்க முடியாது.

அவர் கட்சி பெயர் சொன்னது பற்றி: செய்யக் கூடாத காரியம். வழிபாட்டு இடத்தை அரசியலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 1988ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், அன்றைக்குத் திருவிருந்துக்கு வந்தவர்களில் வேறு கட்சிக்காரரும் இருந்திருப்பார், அவர் எந்த மனசோடு வீட்டுக்குப் போனார் என்பதுதான் எனக்கு வருத்தம். ஆட்சியில் இருக்கிற யாருக்காகவும் ஜெபம் பண்ணச் சொல்லித்தான் 1 தீமோத்தேயு 2 இருக்கிறது.

2019இல் நம் மாநிலத்தில் வாக்குப்பதிவு ஏப்ரல் 18, புனித வெள்ளிக்கு முந்தின பெரிய வியாழன். அன்று எத்தனையோ கிறிஸ்தவ ஆசிரியர்கள், பாதம் கழுவும் ஆராதனை நேரத்தில் பூத்தில் மெஷினுக்கு சீல் வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கர்த்தரை விட்டுவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு நா எழாது. ஆயரிடம் தனியாகப் பேசுங்கள், டியூட்டியில் இருப்பவர்களுக்காக ஒரு மாலை ஆராதனை வைக்க முடியுமா என்று கேளுங்கள், மூப்பரும் வரட்டும்.

இன்னொன்று, மறந்துவிடாதீர்கள்: உங்கள் ஓட்டு சேலத்தில், டியூட்டி ஏற்காட்டில். படிவம் 12ஐப் பயிற்சி வகுப்பிலேயே கொடுத்துத் தபால் ஓட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.