பெண் கேரக்டருக்கு மட்டும் ஏன் பாதிக் கவசம்? – கேள்வி பதில்

கேம்களில் வரும் கேரக்டர்களுக்கு உடையும் கவசமும் மாடல் செய்வது என் தொழில். பெண் கேரக்டர்களின் கவர்ச்சி உடைகளைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, பெண்களுக்கான மார்புக்கவசத்தை இரண்டு கிண்ணம் கவிழ்த்த மாதிரி செய்கிறார்களே, நிஜத்தில் அப்படி இருந்ததா?

பதில்: ஐரோப்பியப் போர்க்களக் கவசத்தில் அந்த வடிவம் வழக்கத்தில் இல்லை. மார்புக்கவசம் அடியைத் தாங்கினால் மட்டும் போதாது, அடியை வழுக்கியும் விட வேண்டும். அதனால்தான் 15, 16ஆம் நூற்றாண்டு மார்புக்கவசங்கள் வெளிப்பக்கமாக உருண்டு குவிந்திருக்கும். பலவற்றில் நடுவே மேடாக ஒரு விளிம்பு ஓடும். ஈட்டி முனை பட்டால் இடமோ வலமோ சறுக்கிப் போய்விடும். இரண்டு கிண்ணமாகச் செதுக்கினால் நடுவில் பள்ளம் விழுகிறது. பக்கவாட்டில் போக வேண்டிய முனை அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி நேராக நெஞ்செலும்பின் மேல் வந்து நிற்கும். எந்த இடத்தைக் காப்பாற்ற வேண்டுமோ அந்த இடத்துக்கே ஆயுதத்துக்கு வழி காட்டுகிற வடிவம் அது.

அப்படிச் செதுக்கத் தேவையும் இல்லை. இரும்புக்கு அடியில் பஞ்சு அடைத்துத் தைத்த தடித்த அங்கி போடுவார்கள். அதற்கும் இரும்புக்கும் நடுவில் இடைவெளி வேறு இருக்கும். உருண்ட கவசத்துக்குள் பெண் உடம்பு சிரமமில்லாமல் அடங்கும். பிரெஞ்சுப் படையோடு போருக்குப் போன ஜோன் ஆஃப் ஆர்க் என்ற பெண்ணுக்கு 1429இல் பிரான்சின் தூர் நகரத்தில் முழுக் கவசம் செய்து கொடுத்தார்கள், செலவு 100 லிவ்ரு (அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பணம்). முழுக் கவசம் என்பது பொதுவாக 15 முதல் 25 கிலோ வரை இருக்கும். அந்த எடை உடம்பு முழுக்கப் பரவி நிற்பதால் பழகியவர் ஓடலாம், குதிரை ஏறலாம். "பெண்ணால் அத்தனை எடை சுமக்க முடியாது, அதனால்தான் குறைத்தோம்" என்ற வாதமும் நிற்காது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உடம்பைப் பெருமையாகக் காட்டும் கவசம் ஆண்களுக்கு இருந்திருக்கிறது. ரோமானியத் தளபதிகள் தசை செதுக்கிய மார்புக்கவசம் போட்டார்கள். இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் 1540ஆம் ஆண்டுக் கவசம் லண்டன் டவரில் இருக்கிறது, இடுப்புக்குக் கீழே முன்பக்கம் துருத்திய எஃகு மூடியோடு. அலங்காரமும் ஆண்மைப் பெருமையும் கவசத்தில் உண்டுதான். ஆனால் அந்த இரண்டிலுமே வயிறு மூடியிருக்கிறது.

கேள்வி: டிராகன் பறக்கிற உலகத்தில் கவசம் மட்டும் ஏன் யதார்த்தமாக இருக்க வேண்டும்?

பதில்: யதார்த்தமாக இருக்க வேண்டியதில்லை. அந்த உலகம் தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதியை மதித்தால் போதும். பக்கத்தில் நிற்கும் ஆணைப் பாருங்கள். அவனுக்குக் கழுத்திலிருந்து கணுக்கால் வரை இரும்பு என்றால், அந்த உலகத்தில் வாள் உடம்பைக் கிழிக்கும் என்று கேமே ஒப்புக்கொள்கிறது. அதே வாளுக்கு முன்னால் அவள் தொப்புள் தெரிய நின்றால், அவள் அங்கே சண்டை போட வந்தவளாகத் தெரியமாட்டாள்.

2004இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேமை ஆடியவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஆரம்ப காலத்துக் கவசங்களில் சிலவற்றுக்குப் பெயரும் ஒன்று, எவ்வளவு காக்கும் என்று காட்டும் டிஃபென்ஸ் எண்ணும் ஒன்று. ஆண் போட்டால் கால்சட்டை, பெண் போட்டால் உள்ளாடை அளவு. ஒரே பொருளை இரண்டு உடம்பில் மாட்டிப் பார்ப்பதைவிடத் தெளிவான சோதனை கிடையாது. ஒரு கேமைப் பற்றி முடிவுக்கு வருவதற்கு முன் நான் முதலில் செய்வது அதுதான்.

மாறாக, கோனன் எக்ஸைல்ஸ் கேமில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல்தான் தொடங்குகிறார்கள். அங்கே எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

கேள்வி: காட் ஆஃப் வார் கேமின் நாயகன் கிரேட்டோஸ் சட்டையே போடுவதில்லை. அதை யாரும் கேட்பதில்லையே?

பதில்: நல்ல கேள்வி. கேமரா அவனை எப்படிப் பார்க்கிறது என்று கவனியுங்கள். தோள், கை, தழும்பு, கோபம். அவன் உடம்பு "இவனிடம் மோதாதே" என்கிறது. ஆடுகிறவர் அவனாக இருக்க ஆசைப்படுகிறார். பெண் கேரக்டரிடம் வரும்போது கேமரா பேச்சின் நடுவில் இடுப்புக்குக் கீழே இறங்கும், நடக்கும்போது பின்னாலிருந்து பிடிக்கும், அடிபட்டு விழும்போதும் வளைந்து நெளிந்து விழ வைக்கும். அங்கே ஆடுகிறவர் அவளாக இல்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எவ்வளவு தோல் தெரிகிறது என்று அளந்துகொண்டிருந்தால் இந்த வித்தியாசம் பிடிபடாது. முழுக்க மூடிய உடையிலும் இதைச் செய்ய முடியும், செய்தும் இருக்கிறார்கள்.

கேள்வி: மெட்டல் கியர் சாலிட் 5 கேமில் குவைட் என்ற ஸ்னைப்பர் பெண் தோல் வழியாக மூச்சு விடுகிறாள், அதனால்தான் பிகினி. கதையிலேயே காரணம் சொல்லிவிட்டார்களே?

பதில்: காரணம் சொன்னார்கள். ஆனால் அதே தொடரின் மூன்றாம் பாகத்தில், 2004இல், தி எண்ட் என்ற வயதான ஸ்னைப்பர் வருகிறார். அவரும் வெயிலில் ஒளிச்சேர்க்கை செய்து தெம்பு பெறுகிறவர்தான். அவர் முழு உடையில் இருக்கிறார். கதைக் காரணம் எத்தனை வேண்டுமானாலும் உண்டாக்கலாம், அது எழுதுகிறவர் கையில் இருக்கிறது. உடையை முதலில் முடிவு செய்துவிட்டுக் காரணத்தைப் பிறகு தைத்தார்களா என்பதுதான் என் கேள்வி. மழையில் அவள் ஆடும் காட்சியில் கேமரா போகிற போக்கைப் பார்த்தால் பதில் கிடைக்கும். குவைட்டின் கதை உண்மையில் மிக நல்ல கதை, பெரும்பாலும் பேசாமலேயே மனதைப் பிசைகிறாள். அதனாலேயே எனக்கு அந்த உடை மீது இவ்வளவு வருத்தம்.

கேள்வி: இதெல்லாம் எப்போது ஆரம்பித்தது?

பதில்: கேமுக்கு முன்பே ஃபேன்டஸி ஓவியங்களிலும் காமிக்ஸ்களிலும் பிகினிக் கவசம் வந்துவிட்டது. கேம்கள் அதை அங்கிருந்து எடுத்துக்கொண்டன. 1986இல் மெட்ராய்டு என்ற கேம் வந்தது. முழுக் கவசத்தில் ஆடிய வீரர் சாமஸ் என்ற பெண் என்பது கடைசியில்தான் தெரியும். அழகான திருப்பம். ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் முடித்தால் அவளைப் பிகினியில் காட்டுவார்கள், அதாவது வேகமாக ஆடியதற்குப் பரிசு அவள் உடம்பு. 1996இல் டூம் ரைடர் கேமின் நாயகி லாரா கிராஃப்ட், டெட் ஆர் அலைவ் கேம் இரண்டுமே வந்தன. லாரா புத்திசாலி, தைரியசாலி, கேமுக்குள் அவள்தான் எல்லாம். விளம்பரம்தான் அவளைப் போஸ்டர் பெண்ணாக்கியது. 2013இல் மறுபடி உருவாக்கியபோது முழுக் கால்சட்டை வந்தது, சேறு, ரத்தம், காயம் வந்தது. மற்றது டெட் ஆர் அலைவ். மார்பு ஆடுவதையே தன் அடையாளமாக்கிக்கொண்ட சண்டை கேம்.

கேள்வி: பெண் உடம்புக்குத் தனியாகக் கவசம் செய்தால் செலவு கூடும் என்கிறார்கள். நிஜமா?

பதில்: கொஞ்சம் நிஜம். ஒரு கவசத்தின் மெஷ்ஷை, அதாவது அதன் முப்பரிமாண வடிவத்தை, இன்னொரு உடம்பு அளவுக்குப் பொருத்தி, கேரக்டரை அசைக்கும் எலும்புக்கூட்டோடு இணைத்து, முழங்கை மடங்கும்போது இரும்பு தோலுக்குள் புகுந்துவிடாமல் சரி செய்ய வேண்டும். எல்லாமே நேரம் எடுக்கும். ஆனால் வேலை குறைய வேண்டுமென்றால் இருவருக்கும் ஒரே வடிவம் என்று வைப்பதுதான் சுலபம். 2011இன் டார்க் சோல்ஸ் கேமில் பெரும்பாலான கவசங்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் கிட்டத்தட்ட ஒரே தோற்றம்தான். பெண்ணுக்கு என்று தனியாக வயிற்றை வெட்டி, தொடையைத் திறந்து, ஹீல்ஸ் வைத்தால்தான் வேலை கூடுகிறது. ஹீல்ஸ் வந்தாலே நடையும் ஓட்டமும் மாறும், அனிமேஷன் செய்கிறவர் பாடு திண்டாட்டம்.

கேள்வி: நான் ஒரு பெண். பேயோனெட்டா, நியர் ஆட்டோமாட்டா கேமின் 2பி என்ற கவர்ச்சி நாயகிகள் இருவரையும் ரொம்பப் பிடிக்கும், அவர்களைப் போல வேடமிட்டுக் காஸ்பிளேயும் செய்கிறேன். நான் தப்பா?

பதில்: தப்பே இல்லை. பேயோனெட்டாவை வரைந்தவர் மாரி ஷிமாசாகி என்ற பெண். 2009இல் வந்த அந்தக் கேரக்டர் தன் கவர்ச்சியைத் தானே கையாளுகிறாள், எதிரியை அதை வைத்தே சீண்டுகிறாள். அவள் இருக்கும் உலகமே அதே அளவு மிகையானது. கேமரா அங்கேயும் எல்லை மீறும் இடங்கள் உண்டு, அதைச் சொல்லிக்கொண்டே ரசிக்கலாம். ஒரு கேரக்டர் கவர்ச்சியாக இருப்பதில் எனக்குச் சண்டை கிடையாது. இருபது பெண் கேரக்டர் இருந்தால் இருபதும் அதே இடுப்பு, அதே வயது, அதே உடை என்று வரும்போதுதான் சண்டை. வயதான மந்திரவாதியாக ஆணுக்கு நரைத்த தாடி கிடைக்கிறது. அறுபது வயது மந்திரவாதிப் பெண் எங்கே?

கேள்வி: உடையை மாற்றினால் அது சென்சார்தானே?

பதில்: யார், ஏன் மாற்றினார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். 2016இல் ஓவர்வாட்ச் கேமின் பீட்டாவில் (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) டிரேசர் என்ற வீராங்கனையின் பின்பக்கத்தைக் காட்டும் வெற்றி போஸ் அவள் குணத்துக்குப் பொருந்தவில்லை என்று ஒரு ரசிகர் எழுதினார். தயாரித்தவர்கள் ஒப்புக்கொண்டு மாற்றினார்கள். அது சென்சார் இல்லை, திருத்தம். 2020இன் ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீமேக்கில் டீஃபா என்ற சண்டைக்காரிக்கு உள்ளே ஒரு கறுப்பு டாப் வந்தது. நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் நெறிமுறைப் பிரிவு கேட்டதால் வந்த மாற்றம் அது. சண்டை போடுகிற பெண் அப்படித்தான் உடுத்துவாள் என்பதால் எனக்கு அது பிடித்தது. 2022இல் கென்ஷின் இம்பாக்ட் என்ற சீன கேம் நான்கு பெண் கேரக்டர்களுக்கு மூடிய உடை கொண்டுவந்தது. சீனாவில் அதுதான் வழக்கமான உடை, மற்ற இடங்களில் விரும்பினால் போடலாம். சீனாவில் நடந்ததைச் சென்சார் என்று சொன்னால் மறுக்க மாட்டேன்.

2024இல் ஸ்டெல்லார் பிளேட் கேமில் சில கவர்ச்சி உடைகளை வெளியீட்டு நாளில் வந்த பேட்ச் (கேமைத் திருத்தும் அப்டேட்) மூடியதும் ரசிகர்கள் மனு போட்டார்கள். முன்பு காட்டிய ஒன்றை வாங்கிய பிறகு மாற்றினால் கோபம் வருவது நியாயம். ஆனால் அந்தக் கோபத்தில் பெண் டெவலப்பர்களைத் தேடிப்போய் வசைபாடுவதை எந்த நியாயத்திலும் சேர்க்க முடியாது.

கேள்வி: மூடிய உடை போட்டால் விற்காது என்கிறார்களே?

பதில்: 2017இன் ஹொரைசன் ஸீரோ டான் 2021க்குள் 2 கோடிக்கு மேல் விற்றது. அதன் நாயகி ஏலாய் தோலாடையும் கம்பளியும் போட்டு வேட்டையாடுகிறவள். அதே 2017இல் வந்த, கவர்ச்சி உடை போட்ட 2பியின் நியர் ஆட்டோமாட்டாவும் நன்றாக விற்றது. இரண்டுமே நல்ல கேம்.

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. எதைப் பார்த்து அனுமதிப்பது?

பதில்: கேமுக்குக் கொடுத்திருக்கும் வயது எண்ணோடு நிறுத்தாமல், அதன் கீழே இருக்கும் விவரக் குறிப்பையும் படியுங்கள் சார். பாலியல் சாயல், அரை நிர்வாணம் என்றெல்லாம் தனியாகக் குறிப்பிட்டிருப்பார்கள். அப்புறம் கேமுக்குள் இருக்கும் கடையைத் திறந்து கேரக்டருக்கு என்ன ஸ்கின் (மாற்று உடை) விற்கிறார்கள் என்று பாருங்கள். இலவச கேம்களில் கவர்ச்சி உடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, "இவள் ஏன் இப்படி உடுத்தியிருக்கிறாள் என்று நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். பிள்ளைகள் நம்மைவிடக் கூர்மையாகப் பதில் சொல்வார்கள்.

கேள்வி: கேரக்டர் ஆர்ட் படிக்கிறேன் அக்கா. மாடல் செய்யக் கொடுக்கும் கான்செப்ட் படமே பிகினிக் கவசமாக வந்தால் என்ன செய்வது?

பதில்: தம்பி, "இது தவறு" என்று தொடங்காதே, கதவு மூடிவிடும். கேள்வியாகக் கேள்: இவள் எந்த ஊர்க்காரி, குளிரா வெயிலா, எந்த ஆயுதம், கவசத்துக்குக் காசு யார் கொடுத்தது, காலையில் தானே மாட்டிக்கொள்வாளா? பதில் இல்லாத இடத்தில் ஒரு மாற்று வரைந்து கையில் வைத்திரு. நான் ஒரு வேலையில் ஈட்டி வீராங்கனைக்கு இடது தோளில் பெரிய கேடயத் தகடும் வலது கை முழுக்க லேசான தோலுறையும் வைத்துக் காட்டினேன். ஆயுதத்தை எந்தக் கையில் பிடிக்கிறாள் என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. தூரத்தில் அடையாளம் தெரிவதுதான் கேமில் எல்லாரும் விரும்புவது, அதனால் வயிற்றை மூடியதைப் பற்றி யாரும் விவாதிக்கவே இல்லை. உன் போர்ட்ஃபோலியோவில் ஒரே கவசத்தை ஆண், பெண் இரண்டு உடம்பிலும் போட்டு, பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வை. ஆள் எடுக்கிறவர்கள் அதைப் பார்ப்பார்கள்.