மாமியாரின் பைபிளும் நாத்தனாரின் பாஸ்டரும்

அன்புள்ள ஐயா,

என் பெயரை வெளியிட வேண்டாம். சொந்த ஊர் பாளையங்கோட்டை. பர்மிங்ஹாமில் நர்ஸாக இருக்கிறேன். கணவரின் குடும்பம் ஜமைக்காவிலிருந்து வந்தது. மாமியார் 1960-களில் சிறுமியாக இங்கே வந்தவர். பெந்தகோஸ்தே சபை, வாரத்தில் மூன்று நாள் ஆராதனை. ஆனால் என் மகளை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்றே தொட்டிலின் தலைமாட்டில் பைபிளை 91-ஆம் சங்கீதத்தில் திறந்து வைத்துவிட்டார். குழந்தையின் கையில் சிவப்பு நாடா. பல் முளைக்கும்வரை கண்ணாடி காட்டக் கூடாதாம். போன வருடம் மாமனார் இறந்தபோது, ஒன்பதாம் இரவுச் சடங்கில் அவர் அறையிலிருந்த கட்டிலையும் அலமாரியையும் இடம் மாற்றிப் போட்டார்கள். 'டப்பி', அதாவது இறந்தவரின் ஆவி, திரும்பி வந்தால் அறை அடையாளம் தெரியக் கூடாது என்று காரணம் சொன்னார்கள். இதெல்லாம் கிறிஸ்தவமா? எங்கள் குடும்பம் இவற்றை விட்டு ஐந்து தலைமுறை ஆகிறது.

நாத்தனார் பரவாயில்லை. புதிய சபை ஒன்றுக்குப் போகிறார். அங்குள்ள பாஸ்டர் படித்தவர். நாடா, சடங்கு எல்லாம் பிசாசுக்குக் கதவைத் திறந்து விடுவது என்று தெளிவாகப் பிரசங்கிக்கிறார். நாத்தனாரின் ஒன்பது வயது மகன் இன்னும் படுக்கையை நனைக்கிறான். அவன்மேல் ஏதோ இருக்கிறது என்று மூன்று நாள் உபவாச ஜெபத்துக்குச் சொல்லியிருக்கிறார். எதையும் வசனத்தை வைத்தே பேசுபவர். மாமியாரைப் புண்படுத்தாமல் அவருடைய பழக்கங்களை நிறுத்துவது எப்படி?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கண்ணாடியை விடுங்கள். பல் முளைத்ததும் பார்த்துக்கொள்ளட்டும். கட்டிலை இடம் மாற்றியதையும் விடுங்கள். கணவன் படுத்துக் கிடந்து போன அறையை அப்படியே வைத்துக்கொண்டு தினமும் அதற்குள் போய்வர எந்தப் பெண்ணால் முடியும்? டப்பிக்காக மாற்றினாலும் தனக்காக மாற்றினாலும் கட்டில் நகர்ந்தது நல்லதுதான். நாடா கழன்று குழந்தையின் வாய்க்குப் போகாமல் இருக்க வேண்டும், பைபிள் தொட்டிலுக்குள் இல்லாமல் பக்கத்து மேசையில் இருக்க வேண்டும். நர்ஸ் என்ற முறையில் இவை உங்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான்.

ஐந்து தலைமுறைக் கதை மட்டும் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. கெட்ட கனவு கண்ட பிள்ளையின் தலையணைக்கடியில் பைபிளை வைக்காத கிறிஸ்தவ வீடு பாளையங்கோட்டையில் எத்தனை இருக்கும்? புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் சோதனை என்று ஒரு சொல் வந்துவிட்டால் அந்த வருடம் முழுக்க முகம் வாடித் திரிகிறவர்களை எனக்குத் தெரியும். நம் வீட்டில் செய்தால் விசுவாசம், சம்பந்தி வீட்டில் செய்தால் மூடநம்பிக்கை. இப்படிப் பேசிப் பழகியவர்கள் நாம் மட்டுமல்ல. ஜமைக்காவில் இதற்குச் சட்டமே போட்டார்கள்.

1760-ல் டாக்கி என்பவர் தலைமையில் அங்கே அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். ஓபியா என்பது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மாந்திரீகம். அதைச் செய்கிற ஓபியாக்காரர்கள் அவர்களிடம் சத்தியம் வாங்கி, குண்டு துளைக்காது என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள். அதே ஆண்டில் ஓபியாவைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. தோட்ட முதலாளிகளுக்கு அடிமைகளின் ஆன்மாமீது வந்த அக்கறை இல்லை அது. பயம்தான். பைபிளைப் பிடித்தவர்களையாவது விட்டார்களா? 1831 கிறிஸ்துமஸ் சமயத்தில் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தத்துக்கு ஆள் திரட்டிய சாம் ஷார்ப் ஒரு பாப்டிஸ்ட் உதவிக்காரர். அடுத்த ஆண்டு அவரைத் தூக்கிலிட்டார்கள். அந்த ஆத்திரத்தில் வெள்ளைக்காரர்கள் பாப்டிஸ்ட் ஆலயங்களையே கொளுத்தினார்கள். 1898-ல் வந்த ஓபியா சட்டம் இன்றும் ஜமைக்காவின் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அதிலிருந்த சாட்டையடித் தண்டனையை எடுத்ததே 2013-ல்தான். டிரினிடாடில் 1917 முதல் 1951 வரை, சத்தமாகப் பாடி, மணியடித்து, ஆவி வந்து ஆடுகிற பாப்டிஸ்டுகளின் ஆராதனையே குற்றம். இப்போது தடை நீங்கிய மார்ச் 30 அங்கே அரசு விடுமுறை.

ஜமைக்காவின் அந்த ஓபியா சட்டத்தின்படி ஓபியாவுக்கான சாமான் எதுவும் ஒருவரிடம் அகப்பட்டால் போதும், அவர் ஓபியாக்காரர் என்றே எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். பைபிளைத் திறந்து வைத்ததற்காக மட்டும் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போவது அவ்வளவு சுலபமில்லை. இரவின் பயங்கரமும் இருளில் நடமாடும் கொள்ளைநோயும் உன்னை அணுகாது என்று சொல்கிற சங்கீதம் ஜமைக்காவின் தொட்டில்களுக்குக் காவலாக வந்ததில் இதற்கும் ஒரு பங்கு இருக்கும் என்பது என் ஊகம். உங்கள் மாமியாரின் பாட்டி அந்தச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தவர். அதை நினைத்துக்கொண்டு அந்தத் தொட்டிலைப் பாருங்கள்.

சரி. நான் இந்தக் கடிதத்தை எடுத்தது இதற்காக இல்லை. மூன்றே வாக்கியத்தில் நாத்தனாரின் மகனைச் சொல்லி, பாஸ்டருக்கு ஒரு பாராட்டும் கொடுத்துவிட்டு, திரும்பவும் மாமியாரிடம் போய்விட்டீர்கள். எனக்கு அந்த மூன்று வாக்கியத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. ஒன்பது வயதுப் பையனுக்கு மூன்று நாள் உபவாசம். படித்த பாஸ்டர். வசனத்தை வைத்துப் பேசுபவர். அம்மா, உங்கள் கடிதத்தில் பயப்பட வேண்டியது இது ஒன்றுதான். அதைத்தான் பரவாயில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

1980-களின் தொடக்கத்தில் நைஜீரியாவில் அபெயோகுட்டாவில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். அந்தப் பகுதி அரசு 1979-ல் உயர்நிலைப் படிப்பை இலவசமாக்கியது. பள்ளிகள் திடீரென நிரம்பி, இந்தியா, கானா என்று ஆசிரியர்களைத் தேடினார்கள். அப்படிப் போனவன் நான். வீட்டுக்காரம்மாவை எல்லோரும் மாமா என்பார்கள், அங்கே அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவது. சந்தையில் நீலச் சாயம் தோய்த்த அடிரே துணி வியாபாரம். ஞாயிற்றுக்கிழமை பெரிய தலைத்துணி கட்டிக்கொண்டு ஆங்கிலிகன் ஆலயத்தில் முன்வரிசையில் உட்காருவார். அவருடைய பேரனுக்கு ஆறு வயது இருக்கும். கன்னத்தில் இரண்டு கீறல், காலில் இரும்புத் தண்டை. அவனுக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் இறந்துபோயிருந்தார்கள்.

யொரூபா மக்கள் இப்படிப் பிறந்து பிறந்து சாகும் பிள்ளையை அபிக்கு என்பார்கள். ஒரே ஆவிதான் திரும்பத் திரும்ப அதே வயிற்றில் வந்து தாயை அலைக்கழிக்கிறது என்று நம்பிக்கை. இறந்த பிள்ளையின் உடலில் அடையாளம் கீறிப் புதைப்பதும் உண்டு. பழைய வழக்கமெல்லாம் பாட்டிகளின் அன்பு என்று உங்களிடம் கதைவிட மாட்டேன். செத்த குழந்தையின் உடம்பில் கத்தி வைக்கிற வழக்கம் அது. இருக்கிற குழந்தையையும் சந்தேகத்தோடு பார்க்க வைக்கும். ஆனால் மாமா அவனிடம் கெஞ்சுவார். போய்விடாதே, இரு, உனக்கு என்ன வேண்டும் கேள் என்பார். அப்படிப் பிறக்கிற பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர்களும் பாதி கெஞ்சல்தான்.

அந்தப் பையன் தினமும் பாயை நனைப்பான். காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது சுற்றுச்சுவரில் பாய் காய்ந்துகொண்டிருக்கும். மழைக்காலத்தில் முழங்கால் வீங்கி இரவெல்லாம் அழுவான். மாமா அவனை பாபலாவோ என்னும் யொரூபா குறிசொல்லும் பூசாரியிடம் கூட்டிப்போனார், பாதிரியாரிடம் ஜெபிக்கச் சொன்னார், மிஷன் ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு போனார். மூன்றில் எது என்று அவருக்குக் குழப்பமே வந்ததில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்து அரிவாள் செல் நோய் என்றார்கள். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு மரபணுவும் சேர்ந்தால்தான் வரும். பெற்றவர்கள் வெளியே நன்றாகவே இருப்பார்கள், பிள்ளைகள் மட்டும் அடுத்தடுத்துப் போய்க்கொண்டிருக்கும். ஒரே வீட்டில் திரும்பத் திரும்ப வருகிற அந்த ஆவி பல வீடுகளில் இதுவாகத்தான் இருந்திருக்கும். அப்புறம் தண்டை காலிலேயே இருக்க, அலமாரியில் ஃபோலிக் அமில மாத்திரையும் மலேரியா வராமலிருக்க பாலுட்ரினும் சேர்ந்துகொண்டன.

படுக்கை நனைவதற்கும் அங்கேதான் விளக்கம் சொன்னார்கள். இந்த நோய் உள்ள பிள்ளைகளின் சிறுநீரகத்தால் சிறுநீரை அடர்த்தியாக்க முடியாது. குடித்த தண்ணீரெல்லாம் இறங்கிவிடும், இரவில் தெரியாமல் போய்விடும். அதற்காகத் தண்ணீரை நிறுத்தினால் ரத்தம் இறுகி வலி கிளம்பும். எனவே பாய் நனைந்தாலும் பரவாயில்லை, தண்ணீர் கொடுங்கள் என்றார்கள்.

உங்கள் நாத்தனாரின் மகனுக்கு இந்த நோய் என்று சொல்ல நான் யார்? ஒன்பது வயதில் படுக்கை நனைக்கிற பிள்ளைகள் எல்லாப் பள்ளிகளிலும் இருக்கிறார்கள், பெரும்பாலோருக்கு ஒரு நோயும் இல்லை. இங்கிலாந்தில் பிறந்தவன் என்றால் குதிகாலில் ரத்தம் எடுத்து அப்போதே பார்த்திருப்பார்கள். வேறெங்காவது பிறந்து வந்தவனா? ஜமைக்காவில் பத்துப் பேரில் ஒருவருக்கு இந்த மரபணு ஒன்றாவது இருக்கும். அப்படி ஒரு பிள்ளையை மூன்று நாள் பட்டினி போட்டு, தண்ணீரும் கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று ஒரு நர்ஸுக்கு நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நோய் இல்லாவிட்டாலும் என் பயம் குறையாது. ஆப்பிரிக்காவின் பல ஊர்களில் முன்பெல்லாம் சூனியப் பழி பெரும்பாலும் கிழவிகள்மேல்தான் விழுந்தது, அதுவும் கொடுமைதான். 1990-களில் காங்கோவின் தலைநகர் கின்ஷாசாவில் வறுமையும் போரும் வந்தபோது புதுப்புதுச் சபைகள் குழந்தைகளைக் கைகாட்டத் தொடங்கின. ஆயிரக்கணக்கில் பிள்ளைகளை வீட்டைவிட்டுத் துரத்தினார்கள். நைஜீரியாவின் அக்வா இபோம் மாநிலம் 2008-ல், குழந்தையைச் சூனியக்காரன் என்று சொல்வதையே குற்றமாக்கிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. இதற்குப் பாட்டி காலத்து வழக்கம் என்று பெயர் சொல்ல முடியாது. மைக்கும் கோட்டும் போட்டுக்கொண்டு வந்த புதுச் சரக்கு. நாடா கட்டுகிறவர் கெட்டது வெளியிலிருந்து வரும் என்று பயப்படுகிறார், குழந்தையைக் காப்பாற்றப் பார்க்கிறார். உங்கள் பாஸ்டர் கெட்டது குழந்தைக்குள்ளேயே இருக்கிறது என்கிறார். அப்புறம் அதை வெளியேற்ற யாரை அடிப்பார்கள்?

உங்கள் நாட்டிலேயே நடந்ததுதானே. 2000-ல் லண்டனில், ஐவரி கோஸ்டிலிருந்து வந்த எட்டு வயதுச் சிறுமி சித்திரவதைப்பட்டு இறந்தாள். அவளுக்குள் பிசாசு இருக்கிறது என்று சொன்ன பாஸ்டர்கள் உண்டு. ஆஸ்பத்திரி, சமூக நலத்துறை, போலீஸ் எல்லாம் அவளைப் பார்த்தும் விட்டுவிட்டன என்று விசாரணையில் தெரிந்தது. 2010 கிறிஸ்துமஸுக்குப் பாரிஸிலிருந்து கிழக்கு லண்டனில் அக்கா வீட்டுக்கு வந்த பதினைந்து வயதுப் பையன் திரும்பிப் போகவில்லை. சூனியம் செய்கிறான் என்று அக்காவும் அவளுடைய துணைவனும் அடித்தே கொன்றார்கள். அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரமாக அவர்கள் எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று, அவன் உள்ளாடையை நனைத்திருந்தது. உங்கள் பாஸ்டர் கையில் எடுத்திருப்பதும் அதையேதான்.

எல்லாச் சபைகளும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். என் பழைய மாணவன் ஒருவன் போன மாதம் அபெயோகுட்டாவிலிருந்து கூப்பிட்டான். மகளுக்குக் கல்யாணம். இரண்டு பேரின் ரத்தப் பரிசோதனைச் சான்றும் வந்தால்தான் தேதி கொடுப்போம் என்று சபையில் சொல்லிவிட்டார்களாம். இரண்டு பேருக்கும் அரிவாள் செல் மரபணு இருந்தால் நடத்திவைக்க மாட்டார்கள். நைஜீரியாவில் இப்போது பல சபைகளில் இதுதான் நடைமுறை. அதிலும் எனக்குச் சில கேள்விகள் உண்டு, காதலித்தவர்களைப் பிரிப்பது பாதிரியாரின் வேலையா என்று. ஆனால் அபிக்குவை நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் இவ்வளவு நீளம்.

உபவாசம் என்றைக்கு என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் இதை வெளியிடும்முன் உங்களுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். பையனை இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லுங்கள். நாத்தனார் மறுத்தால் என்ன செய்ய வேண்டும் என்பது உங்கள் ஆஸ்பத்திரிப் பயிற்சியிலேயே இருக்கும். குடும்ப விஷயம் என்று தள்ளிப்போடாதீர்கள். முதலில் மாமியாரிடம் சொல்லுங்கள். பையன் அவருக்கும் பேரன்தான். வசனத்துக்கு வசனம் சொல்லி அந்தப் பாஸ்டரை வாயடைக்க வைக்கக் கூடியவர் உங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான் என்று படுகிறது. அவரைத் திருத்துவதைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.