பன்னிரண்டு வரிசையும் பதின்மூன்று வரிசையும்

அன்புள்ள ஐயா,

கிராஃபீன் (ஓர் அணு கனமுள்ள கார்பன் தாள்) பற்றிய உங்கள் கட்டுரையில், "இழுத்தால் அதில் ஆற்றல் இடைவெளி திறந்துகொள்ளும், டி-ஷர்ட் துணி இழுபடுவது போலத்தான்" என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் விரிவுரையாளரோ 20 சதவீதத்துக்கு மேல் இழுத்தாலொழிய ஒன்றும் திறக்காது என்கிறார். நானோ நாடாவைப் (கிராஃபீனின் மிகக் குறுகிய துண்டு) பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில் இழுத்தால் இடைவெளி கூடும் என்று இருக்கிறது, இன்னொன்றில் குறையும் என்று இருக்கிறது. யார் சொல்வது சரி? என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு மாணவி, ரோஸ் ஹில், மொரீஷியஸ்

அன்புள்ள மாணவிக்கு,

மூன்று பேரும் சரி, நான்தான் தப்பு. அவசரத்தில் எழுதிய வரி அது. (ஆற்றல் இடைவெளி என்றால் எலக்ட்ரான் எதுவும் இருக்க முடியாத ஆற்றல் வரம்பு.) முழுத் தாளையும் நாடாவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டேன்.

முதலில் துணியை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் உதாரணம் அங்கிருந்து வந்ததுதான். என் அம்மா பதினெட்டு வருஷம் ஒரு பின்னலாடை லிசினில் (தொழிற்சாலையில்) கட்டிங் மேசையில் நின்றவர். கழுத்துப் பட்டியைத் துணியின் அகலவாக்கில்தான் வெட்ட வேண்டும், அந்தப் பக்கம்தான் துணி நன்றாக இழுபடும். ஒருநாள் புதிதாக வந்த ஒருவர் துணியைத் திருப்பி விரித்துவிட்டார், யாரும் கவனிக்கவில்லை, அன்று தைத்த சட்டை ஒன்றுகூட யார் தலையிலும் நுழையவில்லை. மேற்பார்வையாளர் கத்தியதை அம்மா இன்றும் நடித்துக் காட்டுவார். துணி அதேதான், நூலும் அதேதான், வெட்டிய திசை மட்டும் வேறு. கிராஃபீன் நாடாவிலும் இது பாதி உண்மை. மறுபாதிக்குத் துணி உதவாது, அங்கேதான் நான் சறுக்கினேன்.

உங்கள் விரிவுரையாளர் சொல்வது முழுத் தாளைப் பற்றி. தேன்கூடு மாதிரி அடுக்கிய கார்பன் அணுக்கள், பக்கத்துப் பக்கத்து அணுக்களுக்கு இடையே 0.142 நானோமீட்டர். இதற்கு ஆற்றல் இடைவெளி கிடையாது, அதனால்தான் இதை வைத்து ஒரு டிரான்சிஸ்டரை ஒழுங்காக அணைக்க முடிவதில்லை. இழுத்தால் பிணைப்புகள் நீள்கின்றன, எலக்ட்ரான் ஓர் அணுவிலிருந்து அடுத்ததற்குத் தாவுவது கடினமாகிறது, இடைவெளி பூஜ்யமாக இருக்கும் புள்ளி (தாளில் ஓர் இடமல்ல, எலக்ட்ரான் அலைகளின் வரைபடத்தில் ஒரு புள்ளி) இடம் நகர்கிறது. ஆனால் நகர்ந்தால் என்ன? முழுத் தாள் என்றால் அந்த வரைபடத்தில் எல்லா இடத்திலும் எலக்ட்ரான் நிலைகள் உண்டு, புள்ளி போகிற இடத்திலும் ஒன்று இருக்கும். அப்படிப்பட்ட இரண்டு புள்ளிகள் நகர்ந்து நகர்ந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால்தான் இடைவெளி திறக்கும், அதுவும் சரியான திசையில் இழுத்தால்தான். அதற்குத்தான் 20 சதவீதத்துக்கு மேல். 2008இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அளந்தபோது தாள் ஏறக்குறைய 25 சதவீதம் வரை தாங்கியது, ஆக அது கிழிகிற எல்லைக்குப் பக்கத்தில்.

நாடா வேறு கதை. ஒரு நானோமீட்டர் சொச்சம் அகலமுள்ள துண்டில் எலக்ட்ரான் அலை குறுக்கே எப்படி வேண்டுமானாலும் நிற்க முடியாது, அகலத்துக்குப் பொருந்துகிற சில நிலைகள் மட்டும்தான், அவை ஆணி அடித்தது போல ஒரே இடத்தில் இருக்கும். இழுக்கும்போது அந்தப் பூஜ்யப் புள்ளி இந்த ஆணிகளுக்கு நடுவே நகர்கிறது. ஆணியை நெருங்கினால் இடைவெளி சுருங்கும், விலகினால் விரியும். அவ்வளவுதான் விஷயம். எந்த ஆணி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை முடிவு செய்வது நாடாவின் அகலத்தில் எத்தனை அணு வரிசை என்பது.

ஆர்ம்சேர் விளிம்புள்ள (விளிம்பு கைவைத்த நாற்காலி வடிவில் மடிந்து போகும்) நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு பிணைப்புகள் நீளவாக்கில் படுத்திருக்கும், இழுத்தால் முழு அடியும் அவற்றுக்குத்தான், சாய்ந்து நிற்கும் மற்றவை கொஞ்சமே நீளும். நேற்று இரவு உட்கார்ந்து எளிய கணக்கு ஒன்று போட்டேன். 12 வரிசை நாடா: இழுக்காதபோது இடைவெளி சுமார் 0.73 எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலின் ஓர் அலகு), 2 சதவீதம் இழுத்தால் 1.03. 13 வரிசை: 0.71இல் தொடங்கி அதே 2 சதவீதத்தில் 0.40க்கு இறங்கிவிடுகிறது. ஒரே ஒரு வரிசைதான் கூட, அகலத்தில் வித்தியாசம் 0.123 நானோமீட்டர்! இன்னும் இழுத்தால் 12 வரிசைக்காரர் 3 சதவீதத்தை எட்டுமுன்பே உச்சிக்குப் போய்த் திரும்பி இறங்குகிறார், 13 வரிசைக்காரர் 5 சதவீதத்துக்குச் சற்று முன் அடியைத் தொட்டு ஏறத் தொடங்குகிறார். வரைந்து பார்த்தால் ரம்பப் பல். நீங்கள் படித்த இரண்டு கட்டுரைகளும் சண்டை போடவில்லை, வெவ்வேறு அகலத்தைப் பற்றிப் பேசியிருக்கின்றன, அல்லது ஒரே பல்லின் இரண்டு பக்கங்களைப் பற்றி. (விளிம்பில் உள்ள பிணைப்புகள் இயல்பாகவே கொஞ்சம் குறுகியவை. நான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை, சேர்த்தால் எண்கள் மாறும், ஏறுமுகமும் இறங்குமுகமும் மாறாது.)

ஜிக்ஜாக் விளிம்பு நாடாவோ இழுப்பைப் பெரிதாகக் கண்டுகொள்வதே இல்லை. அங்கே முக்கியமான எலக்ட்ரான்கள் விளிம்பை ஒட்டியே குடியிருக்கின்றன, நீளவாக்கில் இழுப்பதால் அவற்றின் குடியிருப்பு கலைவதில்லை.

சரி, 2 சதவீதம் எப்படி இழுப்பது? ஒரு நானோமீட்டர் நாடாவை இரண்டு முனையிலும் பிடிக்க நம்மிடம் கை கிடையாது. தாளைப் பொறுத்தவரை ஆய்வுக்கூடங்களில் ஒரு வழி, பிளாஸ்டிக் மேல் ஒட்டிப் பிளாஸ்டிக்கை வளைப்பது. நம்முடைய 25 ரூபாய் பிளாஸ்டிக் நோட்டை எடுங்கள் (தமிழ் அச்சிட்டிருக்கிறதே, அதேதான்). கனம் பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு, 10 மில்லிமீட்டர் ஆரத்துக்கு வளைத்தால் வெளிப்பக்கத் தோல் அரை சதவீதம் நீள்கிறது. ஒட்டிய கிராஃபீன் வழுக்காமல் இருந்தால் அதற்கும் அதே அரை சதவீதம். எவ்வளவு இழுபட்டது என்பதை ராமன் நிறமாலையில் (லேசர் ஒளி பட்டுச் சிதறுவதன் நிறமாலை) உச்சிகள் நகர்வதை வைத்து அளப்பார்கள்.

அதைவிடக் கடினம், அகலத்தை வரிசை பிசகாமல் வைத்திருப்பது. கத்தரித்தால் விளிம்பு பிய்ந்த துணி மாதிரிதான் வரும், 12ம் 13ம் ஒரே நாடாவில் மாறி மாறி இருக்கும், அப்போது மேலே சொன்ன ரம்பப் பல்லுக்கு அர்த்தமே இல்லை. 2010இல் சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் இருந்த குழுக்கள் சேர்ந்து இதைச் சுற்றுவழியில் தீர்த்தன. வெட்டாமல், தங்கப் பரப்பின் மேல் சிறு மூலக்கூறுகளைச் சூடாக்கிக் கோத்து, சரியாக 7 வரிசையுள்ள நாடாவை வளர்த்தார்கள். எனக்கு இந்தத் துறையில் ஆகப் பிடித்த வேலை இதுதான்.

அப்புறம், நீங்களே போட்டுப் பார்க்க ஆசை என்றால் எக்செல் போதும். நீளவாக்குப் பிணைப்பின் தாவல் எண்ணிலிருந்து (எலக்ட்ரான் அந்தப் பிணைப்பில் எவ்வளவு எளிதாகத் தாவும் என்பதைச் சொல்லும் எண்), சாய்ந்த பிணைப்பின் தாவல் எண்ணின் இரு மடங்கைக் கொசைனால் பெருக்கிக் கழியுங்கள், குறியை விட்டுவிட்டு இரண்டால் பெருக்குங்கள். கொசைனுக்குள் வருவது 180 பாகையை வரிசை எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி வகுத்து, 1, 2, 3 என்று பெருக்கிக்கொண்டே போவது. வருகிறவற்றில் மிகச் சிறியதுதான் இடைவெளி. இழுக்காதபோது இரண்டு தாவல் எண்ணும் 2.7 எலக்ட்ரான் வோல்ட். 14 வரிசைக்கும் போட்டுப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும், என்ன வந்தது என்று எழுதுங்கள்.

பழைய கட்டுரையில் அந்த வரியை இன்று காலை திருத்திவிட்டேன். டி-ஷர்ட்டையும் எடுத்துவிட்டேன், அம்மாவுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.