ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோ படித்தால் தீயணைப்புத் துறையில் வேலை கிடைக்குமா?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் தறி ஓட்டும் குடும்பம் எங்களுடையது. மகன் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ அறிவியல் பிரிவு முடித்திருக்கிறான். 171 சென்டிமீட்டர் உயரம். ஃபயர் சர்வீஸில்தான் சேருவேன் என்று நிற்கிறான். ஒரு தனியார் பயிற்சி நிறுவனத்தில், ஒரு வருட ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோ படித்தால் அரசு வேலை நிச்சயம், அறுபதாயிரம் கட்டுங்கள் என்கிறார்கள். நகையை அடகு வைத்துக் கட்டலாமா? அது உயிருக்கு ஆபத்தான வேலை என்று அவன் பாட்டி அழுகிறார். உண்மையில் என்னதான் வேலை அது?

பதில்: நகையை வைக்காதீர்கள் அம்மா. தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையில் தீயணைப்பாளராகச் சேர அந்த டிப்ளமோ தேவையில்லை. அதைப் படித்தால் கூடுதல் மதிப்பெண்ணும் கிடையாது. அந்த வேலைக்கு ஆள் எடுப்பது தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் சேர்த்து ஒரே பொதுத் தேர்வு. கேட்கும் கல்வித் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சிதான். வயது 18 முதல் 26 வரை. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 28, பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 31. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு அரசே சம்பளம் கொடுத்துப் பயிற்சி தருகிறது. வேலை நிச்சயம் என்று வெளியில் யாராவது சொன்னால், அவர் கையில் இல்லாத பொருளை விற்கிறார்.

எழுத்துத் தேர்வு இரண்டு பகுதி. தமிழ்த் தகுதித் தேர்வுக்கு 80 மதிப்பெண். அதில் 40 சதவீதம் எடுத்தால்தான் அடுத்த தாளையே திருத்துவார்கள். முதன்மைத் தேர்வுக்கு 70. பொது அறிவு 45, உளவியல் 25. உடற்தகுதிக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6. தமிழ்த் தாளின் மதிப்பெண்ணைச் சேர்க்காமல் மொத்தம் 100. 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அப்புறம் கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல் அல்லது உயரம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம். உயரம் 170 சென்டிமீட்டர் (பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 167), மார்பளவு 81, மூச்சை இழுத்தால் 5 விரிய வேண்டும். தம்பி 171 என்று எழுதியிருக்கிறீர்கள். காலணியோடு அளந்ததா, வெறுங்காலில் அளந்ததா? அங்கே வெறுங்காலில்தான் அளப்பார்கள். இன்றைக்கே ஒரு முறை சரியாக அளந்து பார்த்துவிடுங்கள்.

அந்த டிப்ளமோவே வீண் என்று சொல்ல மாட்டேன். தனியார் தொழிற்சாலைகளில், கட்டுமானத் தளங்களில், வெளிநாட்டு ஒப்பந்த வேலைகளில் தீ கண்காணிப்பாளராகச் சேர அது உதவலாம். ஆனால் சட்டப்படி தொழிற்சாலை நியமிக்க வேண்டிய பாதுகாப்பு அலுவலர் பதவி வேறு. அதற்குப் பட்டமோ பொறியியல் டிப்ளமோவோ முடித்து, அனுபவம் பெற்று, அதன்மேல் அரசு அங்கீகரித்த தொழில் பாதுகாப்புப் படிப்பும் முடித்திருக்க வேண்டும். பிளஸ் டூவுக்குப் பிறகு ஒரு வருடம் படித்த பையன் நேராக அந்த நாற்காலியில் உட்கார முடியாது. இரண்டையும் குழப்பித்தான் பல இடங்களில் சேர்க்கை நடக்கிறது.

சரி, வேலை என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் தறிக்கூடத்திலிருந்தே தொடங்கலாம்.

தீ எரிய மூன்று வேண்டும்: எரிபொருள், வெப்பம், காற்றில் உள்ள ஆக்சிஜன். மூன்றும் சேர்ந்தபின் ஒரு வேதித் தொடர்வினை ஓடிக்கொண்டே இருக்கும். இந்த நான்கில் ஒன்றை அறுத்தால் தீ அடங்கும். துறையில் கற்றுத்தரும் எல்லா உத்தியும் இதற்குள் அடக்கம். தண்ணீர் ஊற்றுவது வெப்பத்தை எடுக்க. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 லிட்டர் நீராவியாகும். அது வெப்பத்தையும் உறிஞ்சும், காற்றையும் தள்ளிவிடும். எரியும் எண்ணெய்ச் சட்டியை மூடியால் மூடுவது ஆக்சிஜனைத் தடுக்க. அதில் தண்ணீர் ஊற்றினால், கனமான தண்ணீர் அடியில் போய் ஒரு நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரை வரை தூக்கி எறியும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்: உருகிய உலோகத்தின் மேல் தண்ணீர் படவே கூடாது.

இப்போது உங்கள் நூலைப் பாருங்கள். இறுக்கிக் கட்டிய பருத்தி நூல் பேல் ஒன்றில் தீப்பொறி விழுந்தால், மேல் தீயை இரண்டு வாளித் தண்ணீரில் அணைத்துவிடலாம். ஆனால் கனல் அதற்குள் உள்ளே இறங்கியிருக்கும். இழைகளுக்கு நடுவில் இருக்கும் கொஞ்சம் காற்றே அதற்குப் போதும். சுவாலை இல்லாமல், சில சமயம் புகைகூட வெளியே தெரியாமல், மணிக்கணக்கில் உள்ளுக்குள் ஊர்ந்துகொண்டிருக்கும். மேலே ஊற்றிய தண்ணீர் வழிந்து தரைக்குப் போகும், உள்ளே இறங்காது. வீட்டுக்காரர்கள் அணைந்தது என்று பூட்டிவிட்டுப் படுப்பார்கள். விடியற்காலையில் கூடம் முழுக்கப் பற்றிக்கொள்ளும். அதனால்தான் தீயணைப்பாளர்கள் தீ அடங்கிய பிறகும் போகாமல், ஒவ்வொரு பேலையும் அறுத்து, விரித்து, கையால் தடவிச் சூடு இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி நனைக்கிறார்கள். நல்ல நூலையும் பிரித்துப் போடுகிறார்களே என்று அப்போது சண்டைக்குப் போகும் உரிமையாளர்கள் உண்டு. அந்தச் சண்டையைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே வேலையை முடிப்பதும் தம்பி கற்க வேண்டிய பாடம்.

அடுத்தது தண்ணீர்க் கணக்கு. வண்டி வந்துவிட்டால் தண்ணீர் தீராது என்று பலர் நினைக்கிறார்கள். வழக்கமான ஒரு தீயணைப்பு வண்டியில் ஏறக்குறைய 4,500 லிட்டர் இருக்கும். ஒரு பிராஞ்ச் (குழாயின் நுனியில் தண்ணீரைப் பீய்ச்சும் முனை) நிமிடத்துக்கு 450 லிட்டர் பீய்ச்சினால் பத்தே நிமிடம். இரண்டு பிராஞ்ச் திறந்தால் ஐந்து. அதனால் நிலைய அலுவலர் இறங்கியதும் தீயைப் பார்ப்பதோடு, அடுத்த தண்ணீர் எங்கே என்றும் தேடுவார். சேலம் பக்கம் கிணறு நிறைய இருக்கிறதே என்று கேட்பீர்கள். கிணற்றில் தண்ணீர் எழுபது அடிக்குக் கீழே கிடந்தால் வண்டியின் பம்பால் உறிஞ்ச முடியாது. காற்றழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. நடைமுறையில் ஏழு மீட்டருக்கு மேல் எந்த உறிஞ்சு பம்பும் ஏற்றாது. இது இயற்பியல் விதி, எந்திரத்தின் குறை இல்லை. கிணற்றில் உள்ள விவசாயியின் மோட்டாரைப் போட்டு வண்டியை நிரப்புவதே அப்போது வழி. எந்தத் தோட்டத்தில் எந்த மோட்டார் ஓடும், எந்தத் தெருவில் வண்டி நுழையும் என்று தன் எல்லையை மனப்பாடமாக வைத்திருக்கும் தீயணைப்பாளர் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்துவார். ஆள் பிழைப்பதும் போவதும் பல நேரம் அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

ஏற்காட்டில் கதையே வேறு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வண்டி போனாலும், சரிவுக்குள் இறங்க முடியாது. பிப்ரவரி முதல் மே வரை சேர்வராயன் மலையில் புல்லும் சருகும் காய்ந்து கிடக்கும். காட்டுத் தீயைக் கட்டுப்படுத்துவதில் வனத்துறைதான் முன்னால் நிற்கும். தீத்தடுப்புக் கோடு போடுவார்கள், பச்சைத் தழையால் அடித்து அணைப்பார்கள். காபித் தோட்டத்தை, குடியிருப்பை, சாலையைத் தீ நெருங்கும்போது தீயணைப்பு நிலையத்தாரும் இறங்குவார்கள். சரிவில் தீ மேல்நோக்கித்தான் பாயும். கீழே எழும் சுவாலை மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கி வைத்துவிடுகிறது. மனிதன் மேட்டில் ஓடும் வேகத்தை அது சுலபமாக மிஞ்சும். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேற்றம் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதும் இப்படி மலைச்சரிவில் சூழ்ந்த தீதான். ஏற்காட்டுக்குச் சுற்றுலா போகும் எல்லாருக்கும் சொல்கிறேன்: தீக்கு மேல் பக்கம் நிற்காதீர்கள், மேல்நோக்கி ஓடாதீர்கள்; பக்கவாட்டில் விலகி, ஏற்கெனவே எரிந்து கருகிய இடத்துக்கோ சாலைக்கோ போங்கள்.

துறையின் பெயரிலேயே மீட்புப் பணி இருக்கிறது. நம் மாவட்டத்தில் அதில் பெரிய பங்கு கிணறுகளுக்கு. மாடு விழும், ஆள் விழுவார். மிகக் கொடுமையானது, தூர்வார இறங்கியவர் மயங்கி விழுவதும், அவரைத் தூக்க இறங்கிய தம்பியும், அவருக்குப் பின் இறங்கிய பக்கத்துத் தோட்டத்துக்காரரும் ஒருவர்மேல் ஒருவராக விழுவதும். பழைய கிணற்றின் அடியில் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். டீசல் என்ஜினை உள்ளே இறக்கி ஓட்டியிருந்தால் கார்பன் மோனாக்சைடு நிறைந்திருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. விளக்கை இறக்கிப் பார்த்தோம், அணையவில்லை என்பார்கள். விளக்கு ஆக்சிஜன் குறைவை ஓரளவு காட்டலாம், ஆனால் கார்பன் மோனாக்சைடைக் காட்டாது. தீப்பற்றும் வாயு இருந்தால் அந்த விளக்கே வெடிக்க வைக்கும். தீயணைப்பாளர் சுவாசக் கருவி மாட்டி, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஆள் பிடித்திருக்கத்தான் இறங்குவார். அந்த சிலிண்டர் காற்றும் கடுமையாக உழைத்தால் ஏறக்குறைய அரை மணி நேரம்தான். குறையும்போது விசில் ஊதும். விசில் கேட்டால் எந்த நிலையிலும் மேலே ஏற வேண்டும் என்பது கட்டளை. உள்ளே ஒருவர் துடித்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிவது இந்த வேலையிலேயே கடினமானது என்று நான் நினைக்கிறேன்.

பாட்டியின் பயத்துக்கு மழுப்பலாகப் பதில் சொல்ல மாட்டேன். ஆபத்து உண்டு. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற சரக்குக் கப்பல் வெடித்ததில் 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அந்த நாளைத்தான் தீத்தொண்டு நாளாக நினைவுகூர்கிறோம். 2012 ஜனவரியில் சென்னை எழிலகம் வளாகத்தில் பழைய கலச மஹால் எரிந்தபோது கட்டடம் இடிந்து ஒரு தீயணைப்பு வீரர் உயிரிழந்தார். அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் கடுமையான தீக்காயத்துடன் பிழைத்து, திரும்பவும் பணிக்கு வந்தார். ஆனால் பாட்டியிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். கண்மூடித்தனமாகத் தீக்குள் பாய்கிறவரைத் துறை விரும்புவதில்லை. மூடிய அறையில் மேல்புகை 600 டிகிரியை நெருங்கினால் அறை மொத்தமும் ஒரே நேரத்தில் பற்றும். கதவைத் தொட்டுப் பார்த்து, புகையின் நிறத்தையும் அது வரும் வேகத்தையும் கவனித்து, குனிந்து, இரண்டு பேராக நுழைவதைப் பயிற்சியில் உடம்பில் ஏற்றிவிடுவார்கள். தீபாவளிக்கு மட்டும் பேரன் வீட்டில் இருப்பான் என்று எதிர்பார்க்க வேண்டாம். அன்றிரவு எல்லாரும் நிலையத்தில் தயாராக இருக்க வேண்டும்.

சம்பளம் 18,200 – 67,100 என்ற ஊதிய விகிதத்தில் தொடங்கும். பதவி உயர்வில் முன்னணி தீயணைப்பாளர், பிறகு நிலைய அலுவலர் எனப் போகலாம். பட்டம் முடித்தால் நிலைய அலுவலர் பதவிக்கு அதே வாரியம் நடத்தும் நேரடித் தேர்வு உண்டு. மாவட்ட அலுவலர் பதவி டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1-ல் வருகிறது. அதனால் தேர்வுக்குப் படித்துக்கொண்டே தம்பியை ஏதாவது ஒரு பட்டப் படிப்பில் சேர்த்துவிடுங்கள். அறுபதாயிரத்துக்கு அது நல்ல செலவு.

பிளஸ் டூ அறிவியல் படித்திருப்பதால் இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் தீயணைப்புக் காவலர் தேர்வுக்கு அந்தத் தகுதிதான் கேட்கிறார்கள்; வயது 18 முதல் 23, உயரம் 170, ஐந்து கிலோமீட்டரை 24 நிமிடத்தில் ஓட வேண்டும். விமான நிலைய ஆணையமும் தன் தீயணைப்புப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறது. பிளஸ் டூவில் 50 சதவீதமும் ஓட்டுநர் உரிமமும் கேட்பார்கள். டிப்ளமோ தகுதியில் வருபவர்கள் மூன்று வருட முறையான டிப்ளமோ முடித்திருக்க வேண்டும். ஒரு வருடச் சான்றிதழை ஏற்க மாட்டார்கள்.

இப்போதைக்குத் தம்பி செய்ய வேண்டியது: காலையில் ஓட்டம், மாலையில் கயிறு. கயிற்றில்தான் நிறைய பேர் தோற்கிறார்கள். கால் பிடிப்பு பழக மாதக்கணக்கில் ஆகும். நீச்சல் தெரியாவிட்டால் கற்கட்டும். தீத்தொண்டு வாரத்தில் செவ்வாய்ப்பேட்டையிலோ சூரமங்கலத்திலோ நிலையத்தார் செய்து காட்டும் பயிற்சிகளை நேரில் போய்ப் பார்க்கட்டும், பணியில் இருப்பவர்களிடம் பேசட்டும். வாரியத்தின் இணையதளத்தில் வரும் அறிவிப்பை மட்டும் நம்புங்கள். ஒவ்வொரு முறையும் அதை முழுதாகப் படித்து, விண்ணப்பத்தில் பதவி விருப்ப வரிசை கேட்டால் தீயணைப்பாளரை முதலில் போடச் சொல்லுங்கள்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாவது வரை தமிழ்வழியில் படித்திருந்தால் 20 சதவீத முன்னுரிமை உண்டு. அதற்கான சான்றிதழைப் பள்ளியில் இப்போதே கேட்டு வாங்கி வைத்துவிடுங்கள். அறிவிப்பு வந்தபிறகு தலைமையாசிரியர் அறை முன் ஊரே வரிசையில் நிற்கும்.