பச்சை ரத்தமும் தேசியக் கலைஞர் பட்டமும்

கேள்வி (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்): பிலிப்பைன்ஸில் அறுபதுகளில் எடுக்க ஆரம்பித்த 'பிளட் ஐலண்ட்' பேய்ப்படங்கள் மூன்றையும் ஒரே ராத்திரியில், மொபைலில், ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். ரப்பர் மூஞ்சி அரக்கன், ஒரு இடத்தில் நிற்காத கேமரா. தலைவலிதான் மிச்சம். இவற்றை எடுத்த எடி ரொமேரோ, ஹெரார்டோ டி லியோன் என்ற இரண்டு இயக்குநர்களுக்கும் அந்த நாடு 'தேசியக் கலைஞர்' பட்டம் கொடுத்திருக்கிறதாம். கொடுத்தவர்கள் இந்தப் படங்களைப் பார்த்தார்களா, இல்லையா?

பதில்: தலைவலியை முதலில் கவனிப்போம். இரண்டாவது படமான 'மேட் டாக்டர் ஆஃப் பிளட் ஐலண்ட்'டில் அரக்கன் பக்கத்தில் வரும்போதெல்லாம் ஜூம் லென்ஸை முன்னும் பின்னும் விடாமல் இழுத்துக்கொண்டே இருப்பார்கள். சாதாரண வேகத்தில் பார்த்தாலே வயிற்றைப் பிசையும். நீங்கள் அதை ஒன்றரை மடங்கில் ஓட்டியிருக்கிறீர்கள். தலைவலியில் பாதியாவது உங்கள் கைங்கரியம் ஐயா, அதை இயக்குநர் கணக்கில் எழுத முடியாது.

அந்த ஜூம் ஒன்றும் கலைநயம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். மேக்கப் எங்கே பிய்ந்து தொங்குகிறது என்று யாரும் நிதானமாகப் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். ஆனால் யார் பார்த்துவிடக் கூடாது? அதை யோசிக்காமல் இந்தப் படங்களைப் பேச முடியாது. இவை மணிலா ரசிகருக்காக எடுத்தவை அல்ல. அமெரிக்காவில் காருக்குள் உட்கார்ந்து படம் பார்த்த கூட்டத்துக்காக எடுத்தவை. 1950களின் கடைசியில் அங்கே சுமார் 4,000 டிரைவ்-இன் தியேட்டர்கள் இருந்தன. பொழுது சாய்ந்த பிறகுதான் படம். கம்பத்தில் மாட்டியிருக்கும் குட்டி ஸ்பீக்கரை எடுத்துக் கார் ஜன்னலில் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும். ஒரே டிக்கெட்டில் இரண்டு படம், நடுவில் தின்பண்டக் கடை. வந்திருக்கும் இளசுகளில் பாதிப் பேர் திரையைப் பார்ப்பதே அபூர்வம். அவர்களை நிமிர்ந்து பார்க்கவைக்கப் பத்து நிமிஷத்துக்கு ஒரு அலறல் வேண்டும். கதை அறுந்தால் யாரும் கேட்கப் போவதில்லை, அலறல் நின்றால் கார் கிளம்பிவிடும்.

அந்த அலறலை மலிவாகச் செய்து தர மணிலாவில் ஆள் இருந்தது. 1898 முதல் 1946 வரை அமெரிக்க ஆட்சியில் இருந்த நாடு. நடிகர்கள் ஆங்கிலம் பேசுவார்கள், ஸ்டுடியோத் தொழிலாளர்கள் வேலை தெரிந்தவர்கள், காடும் கடற்கரையும் கூப்பிடு தூரம். டாலருக்கு நிறைய வாங்கலாம். எடி ரொமேரோ அமெரிக்கரான கேன் லின்னோடு சேர்ந்து தொழிலை ஆரம்பித்தார். அதுவே பிறகு ஹெமிஸ்ஃபியர் பிக்சர்ஸ் ஆனது.

அவர்களுடைய முதல் பேய்ப்படம் 1959-இல் வந்த 'டெரர் இஸ் எ மேன்'. இயக்கியவர் ஹெரார்டோ டி லியோன். கறுப்பு வெள்ளை. ஹெச். ஜி. வெல்ஸின் டாக்டர் மோரோ கதையைத் தழுவியது: தீவில் ஒரு டாக்டர் சிறுத்தையை வெட்டித் தைத்து மனிதனாக்கப் பார்க்கிறார். ரப்பர் மூஞ்சி என்கிறீர்களே, இதில் வரும் மிருகத்தைப் பாருங்கள். படத்தின் பெரும்பகுதியில் முகம் முழுக்க பேண்டேஜ் துணி. துணிக்கு நடுவே இரண்டு கண்கள், அவ்வளவுதான் மேக்கப். செலவு மிச்சம், சரி. ஆனால் அந்தக் கண்களில் பயத்தை விட வலிதான் தெரிகிறது. பார்ப்பவனுக்கு டாக்டர் மேல்தான் வெறுப்பு வருகிறது. காசில்லாதபோது எதைக் காட்ட வேண்டும், எதை மூட வேண்டும் என்று தெரிந்த கை அது.

இந்தப் படத்தில்தான் அந்த மணியும் அடிக்கிறது. ஆபரேஷன் காட்சிக்கு முன்னால் மணி அடிக்கும், மனத்திடம் இல்லாதவர்கள் கண்ணை மூடிக்கொள்ளலாம், மறுபடி அடித்ததும் திறக்கலாம் என்று ஆரம்பத்திலேயே அறிவித்துவிடுவார்கள். மணி அடித்ததும் ஒருத்தரும் கண்ணை மூடியிருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம். கத்தி தோலைக் கீறுவது ஒரு கணம்தான் தெரியும். டி லியோன் மருத்துவம் படித்தவர் என்பதை இந்த இடத்தில் நினைவில் வையுங்கள்.

அப்புறம் நீங்கள் பார்த்த மூன்று படங்கள். 1968-இல் 'பிரைட்ஸ் ஆஃப் பிளட்', அடுத்து 'மேட் டாக்டர்', 1970-இல் 'பீஸ்ட் ஆஃப் பிளட்'. முதல் இரண்டும் இருவர் கையும் பட்டவை, மூன்றாவது ரொமேரோ மட்டும். கடற்கரைப் படங்களில் ஆடிப் பாடிக்கொண்டிருந்த அமெரிக்க நடிகர் ஜான் ஆஷ்லிதான் மூன்றிலும் கதாநாயகன். முதல் படத்தில் அணுகுண்டுச் சோதனையின் கதிர்வீச்சு, செடிகொடி கூட ஆளைப் பிடிக்கிறது. இரண்டாவதில் பச்சையத்தால் ரத்தம் பச்சையாகிப் போன அரக்கன். மூன்றாவதில் தலை ஒரு பக்கம் மேஜையில், உடம்பு ஒரு பக்கம் கட்டிலில், இரண்டும் உயிரோடு.

இவற்றை விற்ற விதம் படங்களை விடச் சுவாரசியம். 'பிரைட்ஸ் ஆஃப் பிளட்' பார்க்க வந்த பெண்களுக்கு பிளாஸ்டிக் கல்யாண மோதிரம் இலவசம். 'மேட் டாக்டர்' பார்க்க வந்தவர்களுக்கு ஒரு பாக்கெட்டில் பச்சைத் திரவம். படம் தொடங்கும் முன் திரையில் ஓர் உறுதிமொழி வரும். எல்லோரும் அதைச் சேர்ந்து சொல்லிவிட்டு 'பச்சை ரத்தத்தை'க் குடிக்க வேண்டும், குடித்தவர்களை அரக்கன் தொற்றாது. இந்த மாதிரி விளம்பரத்தோடு வந்த படத்தில் போய் நீங்கள் ரப்பரைக் குறை சொல்கிறீர்கள். கையில் தீர்த்தம் கொடுத்துவிட்டுத்தானே காட்டினார்கள்!

இந்த மூன்றையும் நல்ல படங்கள் என்று நான் சொல்லவில்லை. 'கல்ட்' என்று பெயர் வைத்து, பீர் பாட்டிலோடு சிரித்துப் பார்க்கிறார்களே, அந்தக் கொண்டாட்டத்திலும் எனக்கு ஒட்டுதல் இல்லை. அவர்கள் சிரிப்பது ரப்பரைப் பார்த்து. எனக்கு உறுத்துவது வேறு. மூன்று கதையிலும் கப்பலோடுதான் வெள்ளைக்காரக் கதாநாயகன் அறிமுகம். ஊர்க்காரர்கள் யார்? ஆடுகிறவர்கள், பலி கொடுக்கிறவர்கள், பலியாகிறவர்கள். பெரும்பாலும் பெயர் கூடக் கிடையாது. சொந்த ஊரைச் சொந்தக்காரனே அந்நியன் கண்ணுக்கு ஏற்ற மாதிரி ஜோடித்துக் காட்டிய வேலை. மனிதனைப் போல நடமாடிக் கர்ப்பிணிகளைத் தேடி அலையும் அஸ்வாங், இடுப்புக்கு மேலே பிய்த்துக்கொண்டு பறந்து போகும் மனனாங்கல் என்று சுண்டினாலே ரத்தம் வரும் பேய்கள் அந்த நாட்டில் உண்டு. டிரைவ்-இன் காருக்கு அவை தேவைப்படவில்லை, பைத்தியக்கார டாக்டர்தான் தேவைப்பட்டார்.

உங்கள் கேள்வியில் நியாயம் இருப்பது இந்த இடத்தில்தான். ஆனால் நீங்கள் இதைக் கேட்கவில்லை, ரப்பரைக் கேட்டீர்கள்.

டி லியோன் ஊர்க்காரர்களுக்காகவே எடுத்த பேய்ப்படம் ஒன்று இருக்கிறது. 1964-இல் வந்தது. தகலாக் மொழியில் 'குலாய் டுகோ ஆங் கபி'. 'ராத்திரியின் நிறம் ரத்தம்' என்று சொல்லலாம். அமெரிக்காவுக்குப் போனபோது அதுவே 'தி பிளட் டிரிங்கர்ஸ்' ஆகிவிட்டது. அவரே எடுத்த இன்னொன்றின் பெயர் 'இபுலோங் மோ சா ஹாங்கின்', அதாவது 'காற்றின் காதில் சொல்'. அதைக் 'கர்ஸ் ஆஃப் தி வாம்பயர்ஸ்' என்று மாற்றினார்கள். கப்பல் ஏறும்போது பெயர் என்ன ஆகிறது பாருங்கள்.

'குலாய் டுகோ' எடுத்த காலத்தில் கலர் ஃபிலிம் கிடைப்பது அரிது, விலையும் அதிகம். படம் முழுவதற்கும் போதாது. நாமாக இருந்தால் பாட்டுக்கு மட்டும் கலர் வைத்திருப்போம். டி லியோன் சில காட்சிகளைக் கலரில் எடுத்தார், மிச்சத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துச் சாயம் ஏற்றினார். இரவென்றால் நீலம். ரத்தக்காட்டேரி நெருங்கினால் சிவப்பு. பல்லைக் காட்டும் முன்பே திரை சிவந்துவிடும், நமக்குக் குளிர் எடுக்கும். கதையில் மொட்டைத் தலையும் கறுப்புக் கண்ணாடியுமாக டாக்டர் மார்கோ என்ற காட்டேரி, சாகக் கிடக்கும் காதலிக்கு அவளுடைய இரட்டைச் சகோதரியின் இதயத்தை எடுத்துப் பொருத்தப் பார்க்கிறான். இரண்டு பெண்களும் அமாலியா ஃபுவெந்தெஸ் ஒருவரே. தென்னாப்பிரிக்காவில் டாக்டர் பர்னார்ட் உண்மையிலேயே மனித இதயத்தை மாற்றிப் பொருத்தியது 1967 டிசம்பரில்! இந்தப் படத்தில் ஊர்க்காரர்களுக்குப் பெயர் இருக்கிறது, பாதிரியார் இருக்கிறார், ஜெபம் இருக்கிறது. பேயே ஆனாலும் அழுகிறது.

பட்டத்துக்கு வருவோம். டி லியோன் 1961-இலும் 1962-இலும் ஹோசே ரிசாலின் இரண்டு நாவல்களையும் படமாக்கியவர். நமக்குப் பாரதி எப்படியோ, அவர்களுக்கு ரிசால் அதற்கும் ஒரு படி மேல். 1981-இல் இறந்தார், அடுத்த வருஷம் பட்டம் வந்தது. ரொமேரோவுக்கு 2003-இல். 1976-இல் அவர் எடுத்த படம் ஸ்பானிய ஆட்சி முடிகிற காலத்தில் நடக்கிறது. 'பிலிப்பினோ' என்றால் யார் என்றே தெரியாமல் ஊர் ஊராக அலைகிறான் ஒரு பட்டிக்காட்டு இளைஞன். கப்பலில் வந்து இறங்கும் வெள்ளைக்காரனோடு ஊரைப் பார்த்த அதே ரொமேரோ, இந்தத் தடவை அந்த இளைஞனோடு நடக்கிறார். தலைப்பு 'கனிதோ கமி நோவோன்... பானோ கயோ ங்கயோன்?' அதாவது, 'அப்போது நாங்கள் இப்படி இருந்தோம், இப்போது நீங்கள் எப்படி?'

பட்டம் கொடுத்தவர்கள் எந்தப் படங்களைப் பார்த்தார்கள் என்பது இப்போது தெரிந்திருக்கும். இவற்றில் ஒன்றையாவது தேடிப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். வேகத்தை மட்டும் தயவுசெய்து ஒன்றில் வையுங்கள்.