கொட்டகைக் கதவைச் சாத்தியவர்

கேள்வி: கணவரின் வேலைக்காக இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில், மலையடிவாரக் கிராமம் ஒன்றில் எட்டு மாதமாக வசிக்கிறோம். பக்கத்து நிலத்தில் ஹெர்ட்விக் செம்மறிகளை வளர்க்கும் பெரியவரைத் தவிரப் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. எத்தனை ஆடுகள் என்று ஒருநாள் கேட்டேன். "வேண்டிய அளவு இருக்கின்றன" என்று சொல்லி நடந்துவிட்டார். சென்ற வாரம், குட்டிகளைப் பார்க்கலாமா என்று கேட்டபோது, ஐந்து மாதக் கர்ப்பிணியான என்னை ஏற இறங்கப் பார்த்தவர், நான் நீட்டிய கையைக்கூடத் தொடாமல் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டார். நிறத்தைப் பார்த்து ஒதுக்குகிறாரோ? அவருடன் நட்பாக வழியுண்டா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, அவர் மனத்தை இங்கிருந்து நான் அளக்க முடியாது. ஆயினும் அந்தக் கதவை உங்கள் குழந்தைக்காகவே சாத்தினார் என்று நினைக்கிறேன். ஆடு ஈனும்போது வெளிவரும் நீரிலும் நஞ்சுக்கொடியிலும், பிறந்த குட்டியின் ஈர உடம்பிலும் கருச்சிதைவை உண்டாக்கக்கூடிய கிருமிகள் இருக்கலாம் என்பதால், கர்ப்பிணிகள் ஈற்று ஆடுகளை நெருங்கக் கூடாது என்றும், அங்கே வேலை செய்தவரின் உடையையும் காலணியையும்கூடத் தொடக் கூடாது என்றும் பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறை எச்சரிக்கிறது. இரவெல்லாம் குட்டிகளை இழுத்தெடுத்த கையை உங்களிடம் நீட்ட ஆடு வளர்ப்பவர் எவரும் தயங்குவார். காரணத்தை ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம்தான். ஏப்ரல் மாதத்தில், தூக்கமற்ற மனிதரிடம் அதை எதிர்பார்ப்பது சற்று அதிகம். ஒருவேளை நீங்கள் ஏற்கெனவே உள்ளே போயிருந்தால், உங்கள் மகப்பேறு செவிலியரிடம் சொல்லிவிடுங்கள்.

எண்ணிக்கையைக் கேட்டது மட்டும் உங்கள் பிழை. மந்தை எவ்வளவு பெரிது என்று ஆட்டுக்காரரிடம் கேட்பது, வங்கியில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதற்குச் சமம்.

அவரிடம் பேச்சைத் தொடங்க நலம் விசாரிப்பதைவிடத் தகவல் உதவும். கம்பளி கனத்த செம்மறி ஒன்று மல்லாந்து விழுந்து, கால்களை உதைத்துக்கொண்டு எழ முடியாமல் கிடந்தால், வயிற்றில் வாயு அடைத்துச் சில மணி நேரத்தில் இறந்துவிடக்கூடும்; அப்படி ஒன்று கண்ணில் பட்டால், நீங்கள் தொடாமல், உடனே ஓர் ஆளை அனுப்பிச் சொல்லுங்கள். வழியிலுள்ள வாயிற்கதவு திறந்திருந்தால் திறந்தபடியும், மூடியிருந்தால் மூடியபடியும் விட்டுச் செல்லுங்கள். இவற்றை அவர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

கேள்வி கேட்காமல் இருக்க முடியாதென்றால், வேலியில்லாத மலையில் ஆடுகள் ஏன் தம் சரிவை விட்டுப் போவதில்லை என்று கேளுங்கள். தாய் மேய்ந்த இடத்தைக் குட்டி பின்தொடர்ந்து பழகி, தலைமுறை தலைமுறையாக அந்த அறிவு கைமாறுகிறது. 2001-இல் கோமாரி நோயால் லட்சக்கணக்கான ஆடுகள் கொல்லப்பட்டபோது, மந்தையோடு அந்த அறிவும் அழிந்துவிடுமோ என்றுதான் அம்மலைக்காரர்கள் அஞ்சினார்கள். கறுப்பாகப் பிறக்கும் குட்டி வளர வளர எப்படிச் சாம்பல் நிறமாகிறது என்பதும் நல்ல கேள்விதான். எதைக் கேட்டாலும் அவர் மதிலில் சாய்ந்து நிற்கும் நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். நாயை ஏவிக்கொண்டிருக்கும்போது வேண்டாம்.

இப்போதைக்கு மதிலுக்கு இப்பால் நின்று கையசைத்துவிட்டு வாருங்கள். ஆகஸ்டில் குழந்தை பிறந்து, உங்களுக்கும் உடல் தேறிய பிறகு, இலையுதிர் காலத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதே மதிலருகே போங்கள். அந்த முறை அவர் கையைக் கழுவிக்கொண்டு வருவார் என்று எனக்குத் தோன்றுகிறது.